கனவில் வந்த கணக்கு

1912 மார்ச் 1ஆம் தேதி, சென்னைத் துறைமுகக் கழகத்தின் கணக்குப் பிரிவில் 24 வயது இளைஞர் ஒருவர் குமாஸ்தாவாகச் சேர்ந்தார். மாதம் 30 ரூபாய் சம்பளம். ஈரோட்டில் பிறந்து கும்பகோணத்தில் வளர்ந்தவர். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். தம்புச்செட்டித் தெருவும் பிராட்வேயும் சூழ்ந்த ஜார்ஜ் டவுனில், சைவ முத்தையா முதலித் தெருவில் கொஞ்ச காலம் குடியிருந்தார். வண்ணாரப்பேட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம் அந்தத் தெருவுக்கு. சரக்குக் கட்டி வந்த தாள்களைத் துறைமுகத்தில் பொறுக்கி வைத்துக்கொண்டு அவற்றில் கணக்குப் போடுவார் என்று அவரை அறிந்தவர்கள் பிற்காலத்தில் சொல்லியிருக்கிறார்கள். சீனிவாச ராமானுஜன் என்ற அந்தப் பெயரை இன்று உலகில் எந்தக் கணிதத் துறைக்கும் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை.

அந்தக் கணக்குகள் எங்கிருந்து வருகின்றன என்று நண்பர்கள் கேட்டதற்கு அவர் ஒரு பதில் வைத்திருந்தார்: நாமக்கல் நாமகிரித் தாயார் கனவில் வந்து சொல்கிறாள். ஒரு கனவை அவர் விவரித்ததும் பதிவாகியிருக்கிறது. வழிகின்ற குருதியால் ஆன ஒரு சிவப்புத் திரை. அதன்மேல் ஒரு கை தோன்றி நீள்வட்டத் தொகையீடுகளை எழுதத் தொடங்குகிறது. விழித்ததும் மனத்தில் ஒட்டியவற்றை அவர் தாளில் எழுதிக்கொள்கிறார். ஒரு சமன்பாடு இறைவனின் எண்ணத்தை வெளிப்படுத்தாவிட்டால் அதற்குத் தம்மளவில் பொருளில்லை என்றும் அவர் சொன்னதாக நண்பர்கள் நினைவுகூர்ந்திருக்கிறார்கள்.

கடவுளை அறிய முடியுமா, முடியும் என்றால் எதைக் கொண்டு என்ற கேள்விக்கு இதைவிடப் பொருத்தமான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. தெய்வம் வந்து சொன்னது என்பவர்கள் எல்லா ஊரிலும் எல்லாக் காலத்திலும் இருக்கிறார்கள். ஆனால் தெய்வம் சொன்னதாக ஒருவர் எழுதிவைத்த மூவாயிரத்துக்கும் மேற்பட்ட முடிவுகளை ஒவ்வொன்றாக எடுத்து, இது சரி, இது தவறு என்று ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்ல முடிகிற வாய்ப்பு வேறெங்கும் கிடைத்ததில்லை.

தமிழ் மரபுக்கு இந்தக் கேள்வி புதியதல்ல. சைவ சித்தாந்த நூல்கள் கடவுளைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே, எதையும் நாம் எப்படி அறிகிறோம் என்று ஆராய்ந்துவிடுகின்றன. அதற்கு அளவை என்று பெயர். அருணந்தி சிவாச்சாரியார் தம் காலத்தில் வழங்கிய பலவகை அளவைகளையும் வரிசைப்படுத்தி, எல்லாவற்றையும் மூன்றுக்குள் அடக்கலாம் என்கிறார்: காட்சி, கருதல், உரை. கண்டு அறிவது, ஊகித்து அறிவது, நம்பத் தகுந்த ஒருவர் சொல்லக் கேட்டு அறிவது. இன்றைய பேச்சில் அறிவியல், தருக்கம், நம்பிக்கை என்று நாம் பிரிப்பதும் ஏறக்குறைய இதையேதான். எழுநூறு ஆண்டுகளுக்கு முன்னரே நம்மவர்கள் இந்த இடத்தில் தொடங்கியிருக்கிறார்கள் என்பது எனக்கு மிகுந்த மகிழ்ச்சி தருவது. நாமும் இங்கிருந்தே தொடங்கலாம்.

1913 ஜனவரி 16 தேதியிட்ட கடிதத்தில் ராமானுஜன் தம் தேற்றங்களைக் கேம்பிரிட்ஜின் ஜி. எச். ஹார்டிக்கு அனுப்பினார். ஹார்டி கடவுள் நம்பிக்கை இல்லாதவர். அதை வெளிப்படையாகச் சொல்பவர். தேவாலயத்துக்குள் கால் வைக்கவும் மறுத்தவர். நாமகிரித் தாயார் அனுப்பிய கணக்கு உலகத்திலேயே அதை ஏற்க மிகக் குறைந்த காரணம் உள்ள ஒருவரின் மேசையில் போய் விழுந்தது. ஹார்டி அன்று மாலையே நண்பர் லிட்டில்வுட்டோடு உட்கார்ந்து அந்தத் தாள்களைப் படித்தார். இவை உண்மையாகத்தான் இருக்க வேண்டும், பொய்யாக இவற்றைக் கற்பனை செய்யக்கூடியவர் எவரும் இல்லை என்ற முடிவுக்கு வந்தார். பிப்ரவரி 8ஆம் தேதி பதில் எழுதினார். அதில் திரும்பத் திரும்ப அவர் கேட்டது ஒன்றே: நிரூபணம் எங்கே?

ஏன் அந்த வற்புறுத்தல்? துறைமுகத்தில் இறங்கும் சரக்கு எந்த நாட்டிலிருந்தும் வரலாம். எடை மேடையில் ஏற்றும்போது எங்கிருந்து வந்தது என்பது கணக்கில்லை, எவ்வளவு நிறுக்கிறது என்பதுதான் கணக்கு. கணிதத்தில் நிரூபணம் அந்த எடை மேடை. கனவில் வந்ததா, குளிக்கும்போது தோன்றியதா, பத்து ஆண்டு உழைப்பில் கனிந்ததா என்று அது பார்ப்பதில்லை. ஒரு கருத்து எப்படித் தோன்றியது என்பதும் அது உண்மை என்று எப்படித் தெரிந்தது என்பதும் இரண்டு தனித்தனிக் கேள்விகள் என்று 1938இல் அறிவியல் தத்துவ அறிஞர் ஹான்ஸ் ரைஷன்பாக் விளக்கினார். கடவுளைப் பற்றிய வாதங்களில் பாதிக் குழப்பம் இந்த இரண்டையும் ஒன்றாக்குவதால் வருகிறது.

அந்த முதல் கடிதத்தில் ஒரு பெரிய தவறும் இருந்தது. நம் ஊரில் ராமானுஜன் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் விட்டுவிடுகிற பகுதி இது. நான் இதை நிதானமாகச் சொல்ல விரும்புகிறேன்.

2, 3, 5, 7, 11 போலத் தன்னாலும் ஒன்றாலும் மட்டுமே வகுபடும் எண்கள் பகா எண்கள். 50க்குள் இவை 15 உண்டு; 1000க்குள் 168. எண்ணிப் பார்க்காமலே, ஓர் எல்லைக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கும் என்று சொல்லும் சூத்திரத்தைக் கண்டுவிட்டதாக ராமானுஜன் எழுதினார். எல்லை எவ்வளவு பெரிதானாலும் சூத்திரத்துக்கும் உண்மை எண்ணிக்கைக்கும் இடையே வித்தியாசம் ஒன்றுமிருக்காது, இருந்தாலும் சொற்பமே என்பது அவர் உறுதி. சிறிய எண்களில் போட்டுப் பார்த்தால் சூத்திரம் வியக்கும்படி பொருந்துகிறது. ஆனால் அவர் சொன்ன பொருளில் அது தவறு. எண்கள் பெரிதாகப் பெரிதாக வித்தியாசம் வரம்பின்றி வளரும்.

எங்கே பிசகியது? 1859இல் ஜெர்மானியர் ரீமான், பகா எண்களின் பரவல் சீட்டா சார்பு என்ற ஒன்றின் பூஜ்யங்களோடு கட்டுண்டது என்று காட்டியிருந்தார். அந்தப் பூஜ்யங்கள் சாதாரண எண்கோட்டில் இல்லை. கலப்பெண் தளத்தில் இருக்கின்றன. அவைதான் பகா எண்களின் எண்ணிக்கையை மேலும் கீழுமாக அலைக்கழிப்பவை. கும்பகோணத்திலும் சென்னையிலும் தனியே கற்ற ராமானுஜனுக்குக் கலப்பெண் சார்புகளின் கோட்பாடு எட்டியிருக்கவில்லை. ரீமானின் சூத்திரத்தில் அலையில்லாத பகுதி முழுவதையும் யாருடைய உதவியும் இன்றித் தாமே மீண்டும் கண்டுபிடித்திருந்தார், அலைகளைக் காணவில்லை. அவருடைய வெற்றிகளைவிட இந்தத் தோல்வி வியப்புக்குரியதோ என்று ஹார்டி பின்னாளில் எழுதினார். எனக்கும் அப்படித்தான் தோன்றுகிறது.

இதே இடத்தில் காட்சி அளவையும் சறுக்கியது என்பதையும் சொல்ல வேண்டும். கணித அறிஞர் காவுஸ் காலத்திலிருந்து பகா எண்களுக்கு ஒரு மதிப்பீடு வழக்கில் இருந்தது. எண்ணிப் பார்த்த ஒவ்வோர் இடத்திலும் அந்த மதிப்பீடு உண்மை எண்ணிக்கையைவிடச் சற்றுக் கூடுதலாகவே வந்தது. லட்சத்தில், கோடியில், இன்று கணினிகள் சென்று பார்த்திருக்கும் இடம் வரையில்கூட ஒரு விதிவிலக்கும் இல்லை. சோதனை மட்டுமே அறிவு என்பவர் இதைச் சட்டமாகவே எழுதிவிடுவார். ஆனால் 1914இல் லிட்டில்வுட் நிரூபித்தார்: எங்கோ ஓரிடத்தில் இது தலைகீழாகும், ஒருமுறை அல்ல, முடிவில்லாத முறை. 317 இலக்கங்கள் கொண்ட ஓர் எண்ணின் அருகே அப்படி ஒரு புரட்டல் உண்டு என்று இன்று தெரியும். எந்தக் கண்ணும் எந்தக் கணினியும் ஒவ்வொன்றாக எண்ணி அந்த எல்லையைத் தொட முடியாது. தருக்கம் தொட்டுவிட்டது.

ஆகவே அந்த ஒரு கணக்கில் உரை பிசகியது, காட்சி பிசகியது, கருதல் நின்றது. இதிலிருந்து கருதல்தான் எப்போதும் வெல்லும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்த கதை அதற்குத்தான்.

4 என்ற எண்ணை எத்தனை விதமாகக் கூட்டி எழுதலாம்? 4, 3+1, 2+2, 2+1+1, 1+1+1+1 என்று ஐந்து விதம். 10ஐ 42 விதமாக. 100ஐ 19,05,69,292 விதமாக. இந்த எண்ணிக்கைக்கு ஒரு சூத்திரம் வேண்டும் என்று, பின்னர் கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த ராமானுஜனும் ஹார்டியும் அங்கே இறங்கினார்கள். நிரூபணத்தின் நுட்பங்கள் ஹார்டி அறிந்தவை. ஆனால் தோராயமாக நில்லாமல் சூத்திரம் உண்மை விடையையே எட்டிவிடும் என்ற பிடிவாதம் ராமானுஜனுடையது. 1918இல் அவர்கள் வெளியிட்ட சூத்திரத்தில் எட்டே உறுப்புகளைக் கூட்டி 200க்கு விடை கண்டபோது, கணித அறிஞர் மேஜர் மக்மஹோன் கையால் போட்டு வைத்திருந்த 39,72,99,90,29,388 என்ற எண்ணிலிருந்து அது 0.004 மட்டுமே விலகியது. ஏறக்குறைய நான்கு லட்சம் கோடியில் அந்த அளவு விலகல்! அப்படி ஒரு சூத்திரம் இருக்கும் என்று எதிர்பார்க்கவே தருக்கம் இடம் கொடுத்திருக்காது. கனவு காண்பவர் இல்லாமல் ஹார்டி அங்கே போயிருக்க மாட்டார். ஹார்டி இல்லாமல் அந்தக் கனவு தேற்றமாகியிருக்காது.

அப்படியானால் கனவில் வந்தது யார்?

பிரெஞ்சுக் கணித மேதை ஹென்றி புவான்கரே, தம்முடைய பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று குத்தான்ஸ் என்ற ஊரில் பேருந்துப் படியில் கால் வைத்த கணத்தில், அதைப் பற்றிய நினைப்பே இல்லாதபோது, முழுதாக மனத்தில் வந்து விழுந்ததை எழுதியிருக்கிறார். அவருக்கு எந்தத் தெய்வமும் தேவைப்படவில்லை; நாள்கணக்கில் விழிப்பில் உழன்ற மனம் அடியில் தொடர்ந்து வேலை செய்துகொண்டிருந்தது என்பது அவர் விளக்கம். ராமானுஜனும் உழன்றவர்தான். பள்ளிப் பருவத்தில் கைக்குக் கிடைத்த கார் என்பவரின் தொகுப்பு நூலில் ஏறத்தாழ 5,000 முடிவுகள் நிரூபணமின்றி அடுக்கப்பட்டிருந்தன. அவற்றைத் தாமே நிறுவ முயன்று ஆண்டுகளைச் செலவிட்டார். தாள் வாங்கக் காசில்லாமல் சிலேட்டில் எழுதி முழங்கையால் அழித்து, முடிவை மட்டும் நோட்டில் ஏற்றினார். பிரிட்டிஷ் ஆய்வாளர் கண்ணில் மந்திரம் போலத் தெரிந்த வெற்று முடிவுகளுக்குப் பின்னால் அழிக்கப்பட்ட சிலேட்டுகள் ஏராளம்.

ராமானுஜனின் நம்பிக்கை உண்மையில் எத்தகையது என்பதிலும் அவரை அறிந்தவர்கள் ஒன்றுபடவில்லை. தாயாரின் அருளைப் பற்றி அவர் உருகிப் பேசியதைச் சென்னை நண்பர்கள் சொன்னார்கள். எல்லா மதங்களும் ஏறக்குறைய ஒரே அளவில் உண்மையானவையாகத் தமக்குத் தோன்றுவதாக ராமானுஜன் தம்மிடம் சொன்னதாக ஹார்டி சொன்னார். ஆசாரம் வேறு, நம்பிக்கை வேறு என்பது ஹார்டியின் வாதம். நான் சென்னை நண்பர்கள் பக்கம் சாய்கிறேன். நம்பாத ஒருவரிடம், அதுவும் தம்மைக் கைதூக்கிவிட்டவரிடம், நம்பிக்கையை ஒருவர் திறந்து காட்டாமல் இருப்பது நம் வீடுகளில் அன்றாடம் பார்க்கிறதுதான். ஆனால் அவர் முழு மனத்தோடு நம்பினார் என்று ஏற்றுக்கொண்டாலும் கேள்வி அப்படியேதான் நிற்கிறது. சரியான தேற்றங்களை நாமகிரி தந்தாள் என்றால், பகா எண் சூத்திரத்தைத் தந்தது யார்? இரண்டும் ஒரே மனத்தில், ஒரே உறுதியோடு, ஒரே கடிதத்தில் இருந்தன. உள்ளே இருந்து பார்த்தபோது அவரால் இரண்டையும் வேறு பிரிக்க முடியவில்லை. வெளியே ஒரு சோதனை இருந்ததால்தான் பிரிந்தன. நம்பிக்கை தருகிற உறுதி, எவ்வளவு ஆழமானதாக இருந்தாலும், தன் உண்மைக்குத் தானே சாட்சி சொல்ல முடியாது என்பதற்கு இதைவிட வலுவான சான்றை நான் பார்த்ததில்லை.

கணிதத்துக்குப் பயன்பட்ட எடை மேடையில் கடவுளையே ஏற்றிப் பார்க்க முயன்றவர்களும் உண்டு. திருவெண்ணெய்நல்லூர் மெய்கண்டார் 13ஆம் நூற்றாண்டில் சிவஞான போதத்தின் முதல் நூற்பாவிலேயே இதைச் செய்தார்: உலகம் தோன்றி நின்று ஒடுங்குகிறது, அப்படிப்பட்டது தானாக வராது, ஒடுக்கிய ஒருவனே மீண்டும் தோற்றுவிக்கிறான். வடக்கே நியாய மரபில் உதயணர் நியாயகுசுமாஞ்சலி முழுவதையும் இந்த வேலைக்கே ஒதுக்கினார். குடத்துக்குக் குயவன் போல உலகுக்கு ஒரு கர்த்தா என்பது அந்த வாதத்தின் முதுகெலும்பு.

இந்த வாதத்தை உடைத்தவர்களில் மிகக் கூர்மையான ஒருவர் நாத்திகர் அல்லர். ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜாச்சாரியார். நம் கணித மேதைக்குப் பெயர் தந்தவர். ஸ்ரீபாஷ்யத்தில் அவர் கேட்கிறார்: மலையும் கடலும் உண்டாக்கப்பட்டவை என்றே வைத்துக்கொள்வோம். அவை எல்லாம் ஒரே காலத்தில் ஒருவனால் உண்டாக்கப்பட்டவை என்று எப்படித் தெரியும்? நாம் பார்க்கும் செய்பொருள்கள் வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு ஆட்கள் செய்தவையாக அல்லவா இருக்கின்றன? நாம் கண்ட கர்த்தாக்கள் எல்லாரும் உடல் உள்ளவர்களாயிற்றே, அப்படியானால் உலகைச் செய்தவனுக்கும் உடல் உண்டா? ஊகத்தால் கடவுளை எட்ட முடியாது, வேதத்தாலேயே அறிய முடியும் என்பது அவர் முடிவு. ஏறத்தாழ 700 ஆண்டுகள் கழித்து ஸ்காட்லாந்தில் டேவிட் ஹியூம் அதே கேள்வியைக் கப்பலை வைத்துக் கேட்டார்: ஒரு கப்பல் கட்டப் பலர் கூடுகிறார்கள், உலகம் கட்ட ஏன் பலர் கூடியிருக்கக் கூடாது? ஹியூமின் நூல் அவர் இறந்தபின் 1779இல் வெளிவந்தது. உலகம் முழுவதும் ஹியூமைப் படிக்கிறார்கள். அதே கத்தியை முன்பே தீட்டிய நம் ஆச்சாரியாரை நாம் கோயிலில் மட்டும் வைத்திருப்பது பெரிய இழப்பு.

20ஆம் நூற்றாண்டின் தலைசிறந்த தருக்க அறிஞர் கர்ட் கோடலும் முயன்றார். நேர்மறைப் பண்புகள் என்று சிலவற்றை வரையறுத்து, அவை அனைத்தும் கொண்ட ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று குறியீடுகளில் எழுதி 1970இல் சக தருக்க அறிஞர் டேனா ஸ்காட்டிடம் காட்டினார். 2013இல் ஆய்வாளர்கள் கிறிஸ்டோப் பென்ஸ்முல்லர், புரூனோ வோல்ட்சன்லோகல் பாலியோ இருவரும் அதைக் கணினியிடம் கொடுத்தார்கள். கோடலின் கையெழுத்துப் படியில் இருந்த அடிப்படை எடுகோள்கள் ஒன்றோடொன்று முரண்படுவதைக் கணினி கண்டுபிடித்தது. ஸ்காட் சற்றுத் திருத்தி எழுதிய வடிவம் முரணின்றி நின்றது. எடுகோள்களிலிருந்து முடிவு சரியாகவே பிறக்கிறது. ஆனால் அதே எடுகோள்களிலிருந்து, நடப்பவை எல்லாம் நடந்தே தீர வேண்டியவை, வேறு விதமாக எதுவும் இருந்திருக்கவே முடியாது என்ற முடிவும் பிறக்கிறது. அதை ஏற்க ஆத்திகரும் தயங்குவார். நிரூபணம் என்பது எடுகோளில் போட்டதைத்தான் முடிவில் எடுத்துத் தரும். பகா எண் கணக்கில் எடுகோள்களைப் பற்றி யாருக்கும் சண்டை இல்லை. கடவுள் கணக்கில் சண்டை முழுவதும் அங்கேதான்.

மீதி இருப்பது காட்சி. பழைய சிறைச்சாலை சாலையில் ஸ்டான்லி மருத்துவமனை அறுவைச் சிகிச்சைக் கூடத்துக்கு வெளியே காத்திருப்பவர்களைப் பார்த்தால் தெரியும், கடவுளைப் பற்றிய மிக அவசரமான கேள்வி அங்கே எழுகிறது. நேர்ச்சை, தாயத்து, ஜெபமாலை, விபூதி எல்லாம் ஒரே வராந்தாவில் இருக்கும். வேண்டுதல் நோயாளியைக் காப்பாற்றுகிறதா? இது சோதிக்கக்கூடிய கேள்வி. 1872இல் பிரான்சிஸ் கால்டன், நாடே வேண்டிக்கொள்கிற அரச குடும்பத்தார் மற்றவர்களைவிட நெடுநாள் வாழ்கிறார்களா என்று கணக்கெடுத்தார். இல்லை என்று கண்டார். 2006இல் அமெரிக்க மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் குழு, ஆறு மருத்துவமனைகளில் இதய அறுவை செய்துகொண்ட 1,802 பேரைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்து ஆராய்ந்த முடிவை வெளியிட்டது. வேண்டுதல் உண்டோ இல்லையோ என்று தெரியாதிருந்தவர்களில், வேண்டுதல் நடந்தவர்களுக்கு 52 விழுக்காடும் நடக்காதவர்களுக்கு 51 விழுக்காடும் பின்விளைவுச் சிக்கல்கள் வந்தன. தமக்காக வேண்டுகிறார்கள் என்று உறுதியாகத் தெரிந்தவர்களுக்கு 59 விழுக்காடு. நிதியளித்தது மத, அறிவியல் உரையாடலில் அக்கறை கொண்ட டெம்பிள்டன் அறக்கட்டளை. சோதனை பகையோடு நடந்ததல்ல.

கடவுளைச் சோதனைக்கூடத்தில் நிறுத்த முடியாது, அவர் விருப்பமுள்ளவர், இயந்திரம் அல்லர் என்று இதற்குப் பதில் சொல்வார்கள். நோயாளிகளின் சொந்தக் குடும்பம் வேண்டிக்கொண்டதை யாரும் தடுக்கவில்லை என்பார்கள். இரண்டும் நியாயமான பதில்கள். ஆனால் அந்தப் பதிலை ஏற்றால் அதன் விலையையும் ஏற்க வேண்டும். சோதனைக்கு அகப்படாதவர் என்று சொன்ன பிறகு, ஒருவர் பிழைத்தெழுந்ததைக் கடவுளுக்குச் சான்றாகக் காட்ட முடியாது. பிழைத்தால் சான்று, இறந்தால் சித்தம் என்பது எந்தப் பக்கமும் தவற முடியாத கூற்று. தவற முடியாத கூற்றை நம்பலாம், அதில் ஆறுதல் காணலாம். அறிந்தேன் என்று சொல்ல முடியாது. சென்னை மீனவக் குடும்பத்தில் 1860இல் பிறந்து வழக்கறிஞராகி, 1930களில் குடிஅரசு இதழில் பரிணாமத்தையும் விண்ணியலையும் தமிழில் எழுதிக் குவித்த ம. சிங்காரவேலர் இந்த இடத்தில்தான் விடாமல் நின்றவர். துறைமுகத்துக்கு எதிரே ராஜாஜி சாலையில் மாவட்ட ஆட்சியர் அலுவலகம் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. அவருடைய அறிவியல் கட்டுரைகளை அங்கே போய்வருகிறவர்களில் படித்தவர்கள் குறைவு.

ஆனாலும் கடவுள் பக்கம் நிற்பவர்களிடம் ஒரு வலுவான வாதம் மிச்சம் இருக்கிறது. அதை மறைப்பது நேர்மையாகாது. இறப்பதற்கு மூன்று மாதங்கள் முன்பு, 1920 ஜனவரியில், சென்னையிலிருந்து ராமானுஜன் ஹார்டிக்கு எழுதிய கடைசிக் கடிதத்தில் போலித் தீட்டா சார்புகள் என்று புதிதாக ஒன்றை விவரித்தார். அவை என்ன என்று 80 ஆண்டுகளாக எவருக்கும் முழுதாக விளங்கவில்லை. 2002இல் டச்சு ஆய்வாளர் சுவெகர்ஸ் விளக்கினார். பத்தாண்டுகள் கழித்து அதிஷ் தபோல்கர், சமீர் மூர்த்தி, டான் ஸாகியர் ஆகியோர் கருந்துளைகளின் நிலைகளை எண்ணுவதற்கு அவற்றைப் பயன்படுத்தினார்கள். நோய்ப் படுக்கையில் கிடந்தவர் எழுதியபோது கருந்துளை என்ற பெயரே உலகில் இல்லை. மனித மனம் தன்னந்தனியே நெய்கிற எண் கோலங்கள் அண்டத்தின் அமைப்போடு ஏன் இப்படிப் பொருந்துகின்றன? 1960இல் இயற்பியலாளர் யூஜின் விக்னர் இதை எழுப்பினார். நிறைவான விடை இன்னும் இல்லை. இரண்டுக்கும் பின்னால் ஒரே மனம் இருக்கிறது என்று ஒருவர் சொன்னால் நான் அவரை ஏளனமாகப் பார்க்க மாட்டேன். ஆனால் அந்த விடையைக் கொண்டு அடுத்த ஒரு சமன்பாட்டையும் யாராலும் எழுத முடியவில்லை. எது நடந்தால் அது தவறாகும் என்றும் சொல்ல முடியவில்லை. வியப்பு உண்மையானது. விடை இன்னும் அறிவாகவில்லை.

இந்த மூன்று அளவைக்கும் வெளியே போன ஒருவரும் ராமானுஜன் குடியிருந்த அதே ஜார்ஜ் டவுன் பகுதியில் முன்பு நடமாடினார். ஏழுகிணறு வீராசாமிப் பிள்ளைத் தெருவில் வாழ்ந்து, திருவொற்றியூர்த் தியாகராசர் கோயிலுக்கு நடந்து போய்வந்த இராமலிங்க வள்ளலார். 1858இல் சென்னையை விட்டுப் போன அவர், கடவுளை அறிவதற்குச் சீவகாருண்யமே வழி என்று சாதியையும் சடங்கையும் தள்ளினார்; 1867இல் வடலூரில் பசித்தவர்களுக்காக அவர் ஏற்றிய அடுப்பு அணையாமல் எரிந்து வருகிறது. அது கடவுளுக்கு நிரூபணம் ஆகாது. கடவுளை நம்பாதவரும் அதே அடுப்பை ஏற்ற முடியும். ஆனால் நம்பிக்கை கொண்டவர்களிடம் நான் மதிப்பது இந்த வழியைத்தான்: இங்கே கூற்று எதுவும் இல்லை, சோறு இருக்கிறது, சோறு கிடைத்ததா இல்லையா என்று யாரும் பார்த்துவிடலாம்.

என் தீர்ப்பை ஒளிக்காமல் சொல்கிறேன். நம்பிக்கை ஒருவரை அசாத்தியமான இடங்களுக்குக் கொண்டுபோகும், ராமானுஜனைக் கொண்டுபோனது. தருக்கம் எடுகோளிலிருந்து முடிவு வரை பிழையின்றி நடத்தும், எடுகோளைத் தராது. அறிவியல், கடவுளின் பெயரால் உலகில் நடப்பதாகச் சொல்லப்படும் விளைவுகளைச் சோதிக்கும். இதுவரை சோதித்தவற்றில் கண்டதில்லை. மூன்றும் சேர்ந்தும், பகா எண்களை அறிவது போலக் கடவுளை இதுவரை யாரும் அறியவில்லை. கடவுள் இல்லை என்று அறிந்துவிட்டதாகவும் இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அந்தக் கூற்றுக்கும் அதே எடை மேடைதான்.

இராயபுரத்தில் ராமானுஜனுக்கு ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. முத்தியாலுப்பேட்டைப் பள்ளியில் கணிதம் கற்பித்த பி. கே. சீனிவாசன் 1993இல் அமைத்தது. 1968இலேயே ராமானுஜனின் கடிதங்களையும் அவரை அறிந்தவர்களின் நினைவுகளையும் தேடித் திரட்டி அந்தப் பள்ளியின் வெளியீடாகக் கொண்டுவந்தவரும் அவரே. வண்ணாரப்பேட்டை, இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பள்ளிகளில் கணிதம் கற்பிக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். டிசம்பர் 22 கணித நாளில் நாமகிரித் தாயாரின் கதையைச் சொல்லுங்கள். அது உண்மையில் அவர் சொன்ன கதை. அதோடு அந்தத் தவறான பகா எண் சூத்திரத்தையும் கரும்பலகையில் எழுதுங்கள். அழிக்கப்பட்ட சிலேட்டைப் பற்றியும், நிரூபணம் எங்கே என்று கேட்ட ஹார்டியைப் பற்றியும் சொல்லுங்கள். அருள் வாய்த்தவருக்கு மட்டுமே கணக்கு வரும் என்று நம்பிக்கொண்டு வகுப்பின் கடைசி வரிசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணுக்கும் பையனுக்கும் அது தெரிய வேண்டும்.